சுபேதாருக்குப் பொம்மை கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பொழுதுபோக்குகள் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். தபால்தலை, பழைய நாணயம், மாடித்தோட்டம், மீன்தொட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் இடம் மிச்சமிருந்ததாலோ என்னவோ, 'பொம்மைப் படைகளை மேசையில் பரப்பி விளையாடும் பெரியவர்களும் இருக்கிறார்கள்' என்று ஒரு வரி. அந்தப் 'பெரியவர்களும்' என்பதில் ஒரு 'உம்' இருக்கிறதே, அதில் நமுட்டுச் சிரிப்பு தெரிந்தது. பரவாயில்லை, என் வீட்டில் தினமும் பார்க்கிற சிரிப்புதான். என்னை எழுத உட்கார வைத்தது பக்கத்தில் இருந்த படம். பாய்கிற வெள்ளைக் குதிரை, அதன் மேல் மூன்று முனைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர், வானத்தைக் குத்துகிற மாதிரி ஒரு வாள். கீழே 'கர்நாடகப் போர்க்காலத் தளபதி' என்று குறிப்பு.

கர்நாடகப் போர் என்றால், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய நம் ஊர்ச் சண்டை சார். வந்தவாசி, புதுச்சேரி, தேவனாம்பட்டினம் என்று, பஸ் ஏறிப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய இடங்களில் நடந்தது. அதனால் அந்தப் படத்தை அப்படியே விட மனம் வரவில்லை.

நான் கடலூர் புதுப்பாளையத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன். மாதத்தில் இரண்டு ஞாயிறு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நாலு பேர் கூடுவோம். ஆறடிக்கு நாலடி பிளைவுட், மேலே பச்சைத் துணி, நீல ரெக்ஸினை வெட்டி கெடிலம் ஆறு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டிச் சவுக்குத் தோப்பு. பொம்மைகள் 28 மில்லிமீட்டர். தலை உச்சி வரைக்கும் அளக்க மாட்டார்கள், பாதத்திலிருந்து கண் வரைக்கும்தான் கணக்கு, ஏனென்றால் தொப்பியும் தலைப்பாகையும் ஆளுக்கு ஆள் மாறும். நிஜ மனிதனில் ஏறக்குறைய 56-ல் ஒரு பங்கு வரும். ஒரு யூனிட்டுக்கு 24 பொம்மை. அவர்களுக்கு உத்தரவு போட ஒரு கமாண்டர், அவருக்குத் தனியாக வட்டமான பேஸ், அதாவது பொம்மை நிற்கிற அடித்தட்டு. நகர்த்துவது, சுடுவது எல்லாம் பகடையும் அங்குல டேப்பும்தான்.

பெட்டியில் வருகிற படையை அப்படியே பெயின்ட் அடித்து வைத்துவிட்டால் கமாண்டர் யார் என்ற கேள்வியே எழாது, அதிலேயே ஒருத்தர் வந்துவிடுவார். சொந்தமாக ஒரு யூனிட் உருவாக்கும்போதுதான் சிக்கல். நான் உருவாக்க நினைத்தது கடலூர்ச் சிப்பாய்கள். எதிரே உட்காருகிற நண்பர் சொல்தா குடும்பம். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய தாத்தா இந்தோசீனா வரை போய் வந்தவர். அதனால் அவர் படை எப்போதும் பிரெஞ்சு. ஆக அவர் அந்தக் கரை, நான் இந்தக் கரை.

முதல் தப்பை நான் ரொம்ப ஆசையாகச் செய்தேன். ஒரு முழங்காலை ஊன்றி தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஒரு அதிகாரி பொம்மை கிடைத்தது. அவ்வளவு அழகு. பொத்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து பெயின்ட் அடித்தேன், முகத்துக்கு மட்டும் நாலு சாயல். அவரைக் கொண்டுபோய் மேசையில் சவுக்குத் தோப்பு ஓரமாக வைத்தேனா, அதோடு சரி. மூன்று சுற்று அவர் அங்கே இருப்பதையே மறந்துவிட்டேன். உட்கார்ந்த ஆள் எப்படித் தெரிவார்? எங்கள் விதியில் கமாண்டர் தன் யூனிட்டை விட்டு 12 அங்குலம் தள்ளினால் உத்தரவின் மதிப்பில் ஒன்று குறையும், 24 அங்குலம் என்றால் இரண்டு (மதிப்பு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்). என் சிப்பாய்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள், இவர் இன்னும் தோப்பில் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நண்பர் டீயைக் குடித்துக்கொண்டே, "வாத்தியாரே, உங்க ஆளு மேட்டினி ஷோ பாக்குறாரு போல" என்றார்.

அன்றைக்குத்தான் புரிந்தது, கமாண்டர் பொம்மையைக் கையில் வைத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துத் தேர்வு செய்யக் கூடாது. தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்று பார்க்க வேண்டும். ஆறடி தூரத்திலிருந்து அந்த உருவத்தின் வெளிக்கோடு மட்டும்தான் கண்ணுக்குப் படும். கை நீட்டியிருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சுற்றியுள்ள 24 பேரிலிருந்து ஒரு அங்கமாவது விலகித் தெரிகிறதா, அவ்வளவுதான். பொத்தானை யார் பார்க்கப் போகிறார்கள்.

உயரமும் அப்படித்தான். 28 மில்லிமீட்டர் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒரு கம்பெனி பொம்மை ஒல்லியாக இருக்கும், இன்னொன்று தலையும் கையும் பெருத்து 32 வரைக்கும் போய் நிற்கும். ஒருமுறை அவசரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு தளபதியை வரவழைத்தேன். பொம்மை விலையை விட கூரியரும் கஸ்டம்ஸும் அதிகம். வந்து பிரித்துப் பார்த்தால், என் சிப்பாய்களுக்கு நடுவில் அவர் ஊர் எல்லை ஐயனார் மாதிரி நிற்கிறார். அவர் குதிரையின் முழங்கால் அளவுக்குத்தான் என் ஆட்கள். அனுப்பிய கடைக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. இப்போது அவர் என் டிவி ஸ்டாண்டில் காவல் தெய்வமாக இருக்கிறார், அம்மா வெள்ளிக்கிழமை தூசு தட்டும்போது அவருக்கும் சேர்த்து ஒரு தட்டு.

சரி, தெரிகிற மாதிரி, அளவு பொருந்துகிற மாதிரி ஒருவரை எடுக்க வேண்டும். யாரை? என் சண்டை இங்கேதான்.

பாக்கெட் பாக்கெட்டாகத் தளபதிகள் விற்கிறார்கள். பத்தில் எட்டுப் பேர் பாயும் குதிரையில் வாளோடுதான் இருப்பார்கள். நம் பக்கத்துச் சண்டைகளில் தளபதிகள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தால் அந்தக் குதிரையே காணோம். 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகை போட்டபோது உள்ளே பிரெஞ்சுப் படைக்குத் தலைமை புஸ்ஸி. சின்ன வயதில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த படையில் இருந்தவர், தக்காணத்தையே ஆட்டிவைத்தவர், எல்லாம் சரிதான். ஆனால் 1783-ல் அவர் அறுபதைக் கடந்தவர், கீல்வாதம், உடம்பு தளர்ந்துவிட்டது. 1785 ஜனவரியில் புதுச்சேரியிலேயே இறந்தும் போனார். அவரைப் பாய்கிற குதிரையில் எப்படி ஏற்றுவது? ஏற்றினால் இறங்க முடியாது. அந்த முற்றுகைக்கு இரண்டு வருடம் முன்னால், 1781 ஜூலை 1, பரங்கிப்பேட்டை. ஐதர் அலி ஒரு மேட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோல்வி நிச்சயமான பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தவரிடம் பழைய குதிரைக்காரர் ஒருவர் உரிமையாகப் போய், காலில் செருப்பை மாட்டிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் இப்போது குதிரை ஏறுங்கள் என்றார், இப்படி ஒரு கதையை ஆங்கில அதிகாரி ஒருவர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அந்த மேசைக்கு ஐதர் பொம்மை செய்வதென்றால் முக்காலி வேண்டும், ஒரு ஜோடி செருப்பு வேண்டும், குனிந்திருக்கிற குதிரைக்காரர் வேண்டும். வாளை உறையிலேயே விட்டுவிடலாம்.

பிரெஞ்சுத் தளபதி லாலியா? அவருக்குக் கத்துகிற வாய் வேண்டும். 1758-ல் வந்து இறங்கியதும் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தவர்தான், தைரியசாலிதான், ஆனால் தன் ஆட்கள், கவுன்சில்காரர்கள், ஊர்க்காரர்கள் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் பகைத்துக்கொண்டார். புதுச்சேரியில் சாதி, வேலை எதுவும் பார்க்காமல் அகப்பட்டவர்களைப் பிடித்து வண்டி இழுக்க வைத்தார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். 1760 ஜனவரி 22 வந்தவாசியில் தோற்று, மறு வருடம் புதுச்சேரியையும் இழந்து, 1766-ல் பாரிஸில் தலை வெட்டப்பட்டார். எங்கள் ஆட்டத்தில் லாலிக்கு மதிப்பு 7. நண்பருக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

மதிப்பு என்றால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு பகடையை உருட்டி, கூட்டுத்தொகை கமாண்டரின் மதிப்புக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் யூனிட் சொன்னதைச் செய்யும், ரொம்பக் குறைவாக விழுந்தால் ஒரே சுற்றில் மூன்று தடவைகூட நகரும். மேலே போய்விட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு பகடைக்கு மொத்தம் 36 வழி. 7-க்குள் விழ 21 வழி, 8-க்குள் 26, 9-க்குள் 30, 10-க்குள் 33. பார்க்க ஒவ்வொரு எண்ணாகத்தான் ஏறுகிறது, ஆனால் 7-லிருந்து 8-க்கு ஏறினால் ஐந்து வழி கூடும், 9-லிருந்து 10-க்கு ஏறினால் மூன்றே மூன்று. அதாவது மட்டமான கமாண்டரைச் சுமாராக்கினால்தான் லாபம் அதிகம். டியூஷனில் நிகழ்தகவு நடத்தும்போது பிள்ளைகள் தூங்கினால் இதைத்தான் சொல்வேன், எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சொந்தமாக யூனிட் செய்கிற எல்லாரும் தங்கள் ஆளுக்கு 10 போடுவார்கள். பொம்மையும் அதற்கேற்ற மாதிரி, தங்கக் கரை, சிறுத்தைத் தோல், பறக்கிற அங்கி. எங்கள் குழுவில் ஒரு தம்பி கொடி பிடிக்கிற ஆளையே கமாண்டருக்கு இணையாக அலங்கரித்து வைத்துவிட்டான், எதிரி யாரைச் சுடுவது என்று தெரியாமல் அவனிடமே கேட்கிறான்.

என் கடலூர்ச் சிப்பாய்களுக்கு வருகிறேன். 1740-களின் கடைசியிலும் 1750-களிலும் இந்தப் பக்கத்தில் ஒரு சிப்பாய்க் கம்பெனி என்றால் சுமார் நூறு பேர், முன்னால் நடப்பவர் நம் ஊர் அதிகாரியான சுபேதார். அவருக்குக் கீழே ஜமேதார், அவில்தார், நாயக். ஐரோப்பிய அதிகாரிகள் மேலே ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். முதலில் இதைத் தொடங்கியது பிரெஞ்சுக்காரர்கள், அவர்களைப் பார்த்து இங்கிலீஷ்காரர்கள், 1748-ல் ஆங்கில அதிகாரி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்த பிறகுதான் அந்தப் பக்கம் சூடு பிடித்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் ஷேக் அசன், அப்துல் ரகுமான் என்று புதுச்சேரிச் சிப்பாய்த் தலைவர்கள் பெயரோடு நடமாடுகிறார்கள். யூசுப் கான், அதாவது மருதநாயகம், கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆகிற அளவுக்குப் போனவர். இத்தனை பேர் இருக்கும்போது, நான் தேடிய அத்தனை இடத்திலும் சிப்பாய் பாக்கெட்டுக்குக் கமாண்டராகக் கிடைத்தது யார்? அதே மூன்று முனைத் தொப்பிதான். சிப்பாய் 24 பேர் வாங்கினால் அவர்களை மேய்க்க ஒரு வெள்ளைக்காரர், தனிப் பாக்கெட்டில், தனி விலையில்.

1783 ஜூன் 25 விடிவதற்குள் புஸ்ஸியின் ஆட்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து முற்றுகைப் பள்ளங்கள் மேல் பாய்ந்தார்கள். எதிர்த்து நின்றவர்களில் வங்காளச் சிப்பாய்கள் உண்டு, பிரெஞ்சுக்காரர்களோடு துப்பாக்கி முனைக் கத்திக்குக் கத்தி மோதி விரட்டினார்கள். வந்தவர்களுக்குத் தலைமை தாங்கிய டாமாஸ் பிடிபட்டார். டாமாஸுக்குப் பொருந்துகிற பொம்மை எனக்கு மூன்று விதமாகக் கிடைத்தது. அந்தப் பள்ளத்தில் முன்வரிசையில் நின்ற சுபேதாருக்கு ஒன்று? நானேதான் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

செய்தேன். உடம்பு ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட், நடக்கிற வாக்கில் இருந்தவர், பத்து ரூபாய் பிளேடும் ஊசி அரமும் வைத்து முழங்காலுக்குக் கீழே பூட்ஸைத் தேய்த்து வெறுங்காலாக்கினேன். சிப்பாய்கள் தொடை வரைக்கும்தான் கால்சட்டை போட்டார்கள், மேலே சிவப்புக் கோட்டு. தலை ஒரு துருக்கி வீரனிடமிருந்து வெட்டியது. அதில் இருந்த தலைப்பாகை பூசணிக்காய் மாதிரி இருந்ததால் அதையும் வழித்துவிட்டு எம்-சீலைப் பிசைந்து, நூல் மாதிரி உருட்டி, ஈர ஊசியால் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினேன். எம்-சீல் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும், நடுவில் ஒரு போன் வந்தால் தொலைந்தது. வாளுக்குக் குண்டூசியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கிற மாதிரி ஒட்டினேன். 'நில், இன்னும் சுடாதே' என்று சொல்கிற கை. வாள் இடது பக்கம் தொங்கட்டும். மனைவி சாப்பாட்டு மேசையில் இடம் இல்லாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "கொலு பொம்மைக்கே இவ்ளோ பண்ண மாட்டாங்க" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் வண்டிப்பாளையம் ஞாபகம் வந்தது. கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், கொலு பொம்மைக்குப் பேர்போன இடம். வேடிக்கை என்னவென்றால், 1783 முற்றுகை பற்றிய பழைய ஆங்கில எழுத்துகளில் பண்டிபொல்லம் குன்றுகள் என்று ஒரு இடம் திரும்பத் திரும்ப வரும், பிரெஞ்சு வரிசை அதை ஒட்டித்தான் நின்றது. நாக்கு சுளுக்கிய வண்டிப்பாளையம்தான் அது. இன்றைக்கு அந்த இடத்தில் காகிதக் கூழும் களிமண்ணும் பிசைகிறார்கள்.

அங்கே ஒரு பெரியவர் பட்டறைக்குச் சுபேதாரைச் சாப்பாட்டு டப்பாவில் ஸ்பாஞ்சு வைத்துக் கொண்டுபோனேன். சுற்றி தசாவதார செட், கல்யாண ஊர்வல செட், கிரிக்கெட் செட் எல்லாம் பெயின்ட் அடிக்காமல் வெள்ளையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொம்மையை விரல் நுனியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதே மாதிரி கூழில் செய்ய முடியுமா என்று கேட்டேன். "இவ்ளோ சின்னதுக்கு அச்சு எடுத்தா மூக்கு நிக்காது தம்பி, வெரலு நிக்காது. மூணு அங்குலம்னா பாக்கலாம்" என்றார். அப்புறம் அவராகவே, "இவன் நடக்கல, நடக்கற மாதிரி போஸ் குடுக்குறான். முன்னால போறவனுக்கு முன்னங்கால்ல பாரம் இருக்கணும், இவனுக்கு ரெண்டு கால்லயும் சமமா இருக்கு பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து, பாதத்துக்கடியில் ஒரு சின்ன கார்க் துண்டை வைத்து ஆளை இம்மியளவு முன்னால் சாய்த்தேன். ஆள் அப்படியே மாறிப்போனார். கண்ணைப் பற்றியும் ஒன்று சொன்னார். அவர்கள் கண் எழுதுவதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள், எனக்கு நேர்மாறாகச் சொன்னார், இத்தனை சின்ன முகத்துக்கு முதலில் கண்ணை எழுதிவிடுங்கள், பிசகினால் தோல் நிறத்தால் மூடி மறுபடி எழுதலாம், முகம் முடிந்த பிறகு பிசகினால் எல்லாம் போச்சு என்று. வருடக்கணக்காக நான் கண் எழுதித் திட்டு வாங்கிய பொம்மைகளுக்கெல்லாம் அன்றைக்குப் பதில் கிடைத்தது.

வரும்போது சும்மா வர மனமில்லாமல் கல்யாண செட்டில் உடைந்துபோய் ஒதுக்கி வைத்திருந்த பல்லக்கை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். பல்லக்குத் தூக்கிகள் இல்லை, அளவும் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் பெரிசுதான், ஆனால் தரையில் இறக்கி வைத்த பல்லக்கு எந்த அளவில் இருந்தால் என்ன. உள்ளே தலையணையில் சாய்ந்து ஒரு காலை நீட்டிக்கொண்டு புஸ்ஸி. நண்பரிடம் காட்டியபோது முதலில் முறைத்தார். அப்புறம் பத்து நிமிடம் கழித்து, "கால்ல கட்டு போட்டிருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். போட்டேன். இப்போது பிரெஞ்சுப் படைக்கு அவர்தான் தலைமை, ஆறடி தூரத்திலிருந்து சின்னப் பிள்ளை பார்த்தாலும் யார் கமாண்டர் என்று சொல்லிவிடும்.

மருதநாயகத்துக்குத்தான் இன்னும் முடிவாகவில்லை. கம்பெனிக்கு உழைத்தவர் என்பதால் என் பக்கம் என்கிறேன் நான். 1763-ல் மதுரையில் எதிர்த்துக் கிளம்பிப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினாரே, அதனால் என் பக்கம் என்கிறார் அவர். கடைசியில் ஒரே பொம்மை, பேஸில் ஒரு சின்னக் காந்தம், கொடி இரண்டு, யார் ஆடுகிறார்களோ அவர்கள் கொடியை மாட்டிக்கொள்வது என்று சமரசம். மதிப்பு 9, அதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை. 1764 அக்டோபரில் அவரைத் தூக்கில் போட்ட பிறகான ஆட்டங்களை நாங்கள் ஆடுவதில்லை.

என் சுபேதாருக்கு 8 கொடுத்தேன். 10 கொடுக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் 26 வழி எனக்குப் போதும். பேஸ் 40 மில்லிமீட்டர், மேலதிகாரிகளுக்குத்தான் 60. குதிரை கிடையாது, குதிரையில் ஏற்றினால் எதிராளி அவரைப் பெரிய தளபதி என்று நினைத்துக் குழம்புவான், அதோடு அவர் நடந்தவர். பேஸில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலையே சலித்து ஒட்டினேன். இங்கே ஒரு இடைச்செருகல்: 1690-ல் இங்கிலீஷ்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதன் மிச்சம்தான். டேப்பால் அங்குலம் அளந்து பீரங்கி எட்டுமா எட்டாதா என்று நாங்கள் சண்டை போடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.

முதல் ஆட்டத்துக்கு அவரை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் புதுச்சேரி போனேன். கிருமாம்பாக்கம் வரைக்கும் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே என்ன சார் அவ்வளவு பத்திரமாக என்று கேட்டார், சுபேதார் என்றேன், அவர் ஏதோ மருந்து என்று நினைத்துக்கொண்டார். தவளக்குப்பத்தில் ஒரு பிரேக் போட்டார்கள் பாருங்கள், டப்பா முன்சீட்டுக் கம்பியில் மோதி, திறந்து பார்த்தால் குண்டூசி வாள் தனியாகக் கிடக்கிறது. கை, தலை, தலைப்பாகை எல்லாம் பத்திரம். வாள் இல்லாமலேயே மேசையில் இறக்கினேன். யாரும் கவனிக்கவில்லை, அந்த நீட்டிய கை ஒன்றே போதுமாக இருந்தது. முதல் உத்தரவுக்குப் பகடை 11. ஆட்கள் அசையவில்லை. இரண்டாவது சுற்றில் 4 விழுந்து, ஒரே மூச்சில் ஆற்றைக் கடந்துபோய் நின்றார்கள், பல்லக்குக்கு ஒன்பது அங்குலம் முன்னால்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்த மாதிரிப் பக்கம் போடும்போது கர்நாடகப் போருக்கு அந்தக் குதிரைக்காரரைத் தவிர வேறு ஒருத்தரைப் போடுங்கள். படத்துக்கு ஆள் வேண்டுமானால் என்னிடம் ஒருவர் இருக்கிறார், அனுப்பிவைக்கிறேன். இரண்டு நாள் பொறுக்க வேண்டும், வாளை இன்னும் ஒட்டவில்லை.

இப்படிக்கு,
கணக்கு வாத்தியார் ஒருவர்,
புதுப்பாளையம், கடலூர்